மைக் பிடித்த பந்தய வீரர்
ஜேம்ஸ் ஹண்ட் வாழ்க்கை வரலாறு

சிவகங்கைச் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்காதவர்கள் குறைவு. பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து வண்டிகளை விடுவார்கள். சாலையின் இரு பக்கமும் கூட்டம் நெருக்கித் தள்ளும். வண்டியை ஓட்டும் சாரதி ஒருவர். ஒலிபெருக்கியில் பந்தயத்தை எடுத்துச் சொல்பவர் வேறு ஒருவர்.

கூட்டத்தின் பின்னால் நிற்பவருக்கு வண்டி தெரியாது. குரல் மட்டும்தான் கேட்கும். எந்த வண்டி முந்தியது, எந்தச் சாரதி குறுக்கே வந்தார் என்று அந்தக் குரல் சொன்னால், ஊரே அதை நம்பும்.

வண்டி ஓட்டி ஜெயித்த சாரதியே பிறகு மைக் பிடித்தால் எப்படி இருக்கும்? கார் பந்தயத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹண்ட். இங்கிலாந்து நாட்டுக்காரர். 1976-ம் ஆண்டு உலக சாம்பியன் பட்டம் பெற்றவர். பிறகு 13 ஆண்டுகள் டெலிவிஷனில் பந்தய வருணனை செய்தார்.

உலகில் பல வகைக் கார் பந்தயங்கள் உண்டு. அவற்றில் தலையாயது "பார்முலா ஒன்" பந்தயம். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ம் ஆண்டு கலந்துகொண்டாரே, அதே பந்தயம்தான். ஒரு வருஷத்தில் பல நாடுகளில் போட்டி நடக்கும். ஒவ்வொரு போட்டிக்கும் "கிராண்ட் பிரிக்ஸ்" என்று பெயர். எல்லாவற்றிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டி, அதிகப் புள்ளி பெற்றவருக்குப் பட்டம் கொடுப்பார்கள்.

டாக்டர் ஆக வேண்டிய பையன்

ஜேம்ஸ் ஹண்ட் 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி பிறந்தார். லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள பெல்மாண்ட் அவருடைய ஊர். தகப்பனார் பங்கு மார்க்கெட்டில் தரகர். வீட்டில் 6 குழந்தைகள். வசதியான குடும்பம்தான். ஆனால் கண்டிப்பான குடும்பம்.

ஹண்ட் நல்ல உயரம். டென்னிஸ் நன்றாக ஆடுவார். பெயர் பெற்ற வெலிங்டன் கல்லூரியில் படித்தார். டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

18 வயது நிறையும் சமயம். டென்னிஸ் ஆடும் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனார். நண்பரின் அண்ணன் சிறிய கார்களை வைத்துப் பந்தயம் விடுபவர். அவர்கள் ஹண்டை சில்வர்ஸ்டன் பந்தய மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே கார்கள் பாய்வதைப் பார்த்தார். அன்றோடு டாக்டர் படிப்பு போயிற்று. உலக சாம்பியன் ஆவேன் என்று வீட்டில் வந்து சொன்னார். பெற்றோர் திகைத்துப் போனார்கள்.

தோட்டத்து நாற்காலி

பந்தயத்துக்குப் பணம் வேண்டும். வீட்டில் கொடுக்கவில்லை. கிடைத்த வேலைகளை எல்லாம் பார்த்துக் காசு சேர்த்தார். அடிபட்டு நொறுங்கிய ஒரு "மினி" காரை வாங்கினார். ஏறக்குறைய 2 வருஷம் அதைத் தானே பழுது பார்த்தார்.

காரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டு போனார். காரில் முறையான இருக்கை இல்லை. தோட்டத்தில் போட்டு உட்காரும் நாற்காலியைப் பொருத்தி வைத்திருந்தார்! சோதனை செய்த அதிகாரிகள் காரை உள்ளே விடவில்லை. வந்த வழியே திரும்பினார்.

ஆனால் மனம் தளரவில்லை. படிப்படியாகச் சிறிய பந்தயங்களில் ஓட்டினார். ஒரு தடவை அவருடைய கார் பாதையை விட்டுப் பறந்து ஏரிக்குள் விழுந்தது. அன்று அவர் பெல்ட் கட்டியிருக்கவில்லை. அதனால் வெளியே வர முடிந்தது. உயிர் தப்பியது.

இப்படி அடிக்கடி மோதியதால் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. மோதல் மன்னன் என்பது போன்ற பெயர் அது.

கையை ஓங்கிய நாள்

1970-ம் ஆண்டு அக்டோபரில், லண்டன் கிறிஸ்டல் பாலஸ் மைதானத்தில் ஒரு போட்டி. கடைசிச் சுற்றில் டேவ் மார்கன் என்ற வீரரின் காரும் ஹண்டின் காரும் மோதிக்கொண்டன. இரண்டும் நின்றுவிட்டன.

ஹண்ட் காரை விட்டு இறங்கினார். ஓடிப்போய் மார்கனைப் பிடித்துக் கீழே தள்ளினார். டெலிவிஷனில் நாடே பார்த்தது.

விசாரணை நடந்தது. ஹண்ட் தண்டிக்கப்படுவார் என்று பலர் நினைத்தார்கள். விசாரணைக் குழு மோதலுக்கான சாட்சியங்களைப் பார்த்தது. ஹண்ட் மீது குற்றம் இல்லை என்று விடுவித்தது. மார்கனுக்கு 12 மாதம் தடை விதித்தது.

இந்தச் சம்பவத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒருவரைக் குற்றவாளி என்று நினைக்கும்போது, நிதானமாக விசாரித்தவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். பின்னாளில் இதே நிதானத்தை ஹண்ட் இன்னொருவருக்குக் காட்டினாரா என்று பார்ப்போம்.

பிரபு கொடுத்த கார்

அலெக்சாண்டர் ஹெஸ்கெத் என்று ஓர் இளம் பிரபு இருந்தார். பரம்பரைச் சொத்து உள்ளவர். தன் பணத்தில் ஒரு பந்தய அணி நடத்தினார். அந்த அணிக்கு விருந்தும் வேடிக்கையுமே பெரிது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்தான் ஹண்டுக்குக் கார் கொடுத்தார்.

1973-ம் ஆண்டு மொனாக்கோ நாட்டில் ஹண்ட் முதல் தடவையாக பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். 1975-ம் ஆண்டு ஹாலந்து நாட்டில் வெற்றி கிடைத்தது. அவருக்குப் பின்னால் 2-வதாக வந்தவர் யார் தெரியுமா? அந்த வருஷம் சாம்பியன் ஆன நிகி லவுடா. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

வெளியே அவர் பயமே இல்லாதவர் போலத் தெரிவார். உண்மை வேறு. போட்டி தொடங்கும் முன் அவருக்குக் கை நடுங்கும். வாந்தி எடுப்பார். காரில் ஏறி உட்கார்ந்தபின்தான் நிதானம் வரும். பயம் இருந்தும் ஓட்டினார் என்பதுதான் அவர் வீரம்.

அந்த வருஷக் கடைசியில் பிரபுவின் பணம் தீர்ந்தது. ஹண்டுக்குக் கார் இல்லை. நல்ல வேளையாக "மெக்லாரன்" என்ற பெரிய அணியில் ஓர் இடம் காலி ஆயிற்று. அவர்கள் ஹண்டை எடுத்துக்கொண்டார்கள்.

கொடுத்ததும் பறித்ததும்

1976-ம் ஆண்டு. ஹண்டுக்கும் லவுடாவுக்கும் கடும் போட்டி. லவுடா ஆஸ்திரியா நாட்டுக்காரர். "பெராரி" அணியின் வீரர். ஹண்ட் கலகலப்பானவர். லவுடா கணக்காகப் பேசுபவர். குணம் வேறாக இருந்தாலும் இருவரும் பழைய நண்பர்கள்.

மே மாதம் ஸ்பெயினில் ஹண்ட் ஜெயித்தார். பிறகு காரை அளந்தார்கள். விதியைவிட 1.8 செண்டிமீட்டர் அகலம் அதிகம். ஒரு விரல் அகலம்! வெற்றி பறிக்கப்பட்டது. அப்பீல் செய்தார்கள். ஜூலையில் வெற்றி திரும்பக் கிடைத்தது.

அதே ஜூலையில் சொந்த நாட்டில் ஜெயித்தார். முதல் சுற்றில் நடந்த ஒரு மோதலைக் காட்டி பெராரி அணியினர் அப்பீல் செய்தார்கள். செப்டம்பரில் அந்த வெற்றி பறிபோனது. இது திரும்பி வரவே இல்லை.

நெருப்பில் இருந்து மீண்டவர்

ஆகஸ்டு 1-ந் தேதி ஜெர்மனியில் போட்டி. நூர்பர்க்ரிங் என்ற அந்தப் பாதை ஒரு சுற்று 22 கிலோமீட்டருக்கு மேல். மலையும் காடும் நிறைந்தது. இந்தப் பாதை ஆபத்தானது, போட்டி வேண்டாம் என்று லவுடா முன்பே சொன்னார். மற்றவர்கள் கேட்கவில்லை.

2-வது சுற்றில் லவுடாவின் கார் மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த வீரர்கள் 4 பேர் நெருப்பில் கைவிட்டு அவரை வெளியே இழுத்தார்கள். முகம் வெந்தது. விஷப் புகையால் நுரையீரல் கெட்டது. பிழைக்கமாட்டார் என்று பாதிரியாரை அழைத்துக் கடைசிப் பிரார்த்தனையும் செய்துவிட்டார்கள்.

ஆனால் லவுடா பிழைத்தார். 6 வாரம் கழித்து, காயம் ஆறும் முன்பே, இத்தாலியில் மீண்டும் பந்தயக் காரில் ஏறினார். 4-வது இடம் பிடித்தார்!

அதற்குள் ஹண்ட் பல போட்டிகளில் ஜெயித்துப் புள்ளிகளைச் சேர்த்துவிட்டார். கடைசிப் போட்டிக்கு வந்தபோது லவுடா 68 புள்ளி. ஹண்ட் 65.

ஜப்பானில் பெய்த மழை

அக்டோபர் 24-ந் தேதி. ஜப்பானில் பூஜி மலை அடிவாரத்தில் கடைசிப் போட்டி. கொட்டும் மழை. பாதை எல்லாம் தண்ணீர். முன்னால் போகும் கார் கண்ணுக்குத் தெரியவில்லை.

2 சுற்று ஓட்டியதும் லவுடா காரை நிறுத்தி இறங்கிவிட்டார். தீயில் வெந்த இமைகளால் அவருக்குச் சரியாகக் கண் சிமிட்ட முடியவில்லை. என்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று அணியினர் யோசனை சொன்னார்கள். லவுடா ஒப்பவில்லை. ஆபத்து என்பதால் நிறுத்தினேன் என்று உண்மையைச் சொன்னார்.

ஹண்ட் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். மழை விட்டது. பாதை காய்ந்தது. ஈரத்துக்கான டயர் தேய்ந்து காற்றுப் போயிற்று. நிறுத்தி மாற்றினார். 5-வது இடத்துக்குப் போய்விட்டார். 5-வது இடத்துக்கு 2 புள்ளிதான். அது போதாது.

மிச்சம் இருந்த சில சுற்றுகளில் வெறி வந்தவர் போல ஓட்டினார். 2 கார்களை முந்தினார். 3-வதாக வந்தார். அதற்கு 4 புள்ளி. மொத்தம் 69. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன்!

அது அவருக்கே தெரியாது. தோற்றுவிட்டோம் என்று நினைத்து, காரை விட்டு இறங்கித் தன் அணித் தலைவரிடம் சத்தம் போட்டார். விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கச் சிறிது நேரம் பிடித்தது. லவுடாவும் இந்தப் பட்டத்துக்குத் தகுந்தவர்தான், இருவரும் பங்கிட்டுக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று பிற்பாடு அவர் சொன்னது உண்டு.

மோன்சாவில் நடந்த சோகம்

1978-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி. இத்தாலியில் மோன்சா மைதானம். பின்வரிசைக் கார்கள் நிற்கும் முன்பே பச்சை விளக்கைப் போட்டுவிட்டார்கள். பின்னால் இருந்தவை வேகமாக வந்து முன்னால் இருந்தவற்றோடு நெருங்கின. பல கார்கள் மோதின. ஹண்டின் கார் ரோனி பீட்டர்சன் என்ற சுவீடன் வீரரின் கார்மீது மோதியது. பீட்டர்சனின் கார் தீப்பிடித்தது.

ஹண்ட் ஓடினார். வேறு இரண்டு வீரர்களோடு சேர்ந்து பீட்டர்சனைத் தீயில் இருந்து இழுத்தார். கால்கள் நொறுங்கி இருந்தன. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் பீட்டர்சன் இறந்துபோனார்.

யார் காரணம்? ரிக்கார்டோ பட்ரேசே என்ற இத்தாலி இளைஞர்தான் என்றார் ஹண்ட். குறுக்கே வந்து தன்னை இடித்ததாகச் சொன்னார். பட்ரேசேக்கு அப்போது வயது 24. ஹண்டும் மற்ற முன்னணி வீரர்களும் வற்புறுத்தியதால், அடுத்த போட்டியில் பட்ரேசே ஓட்ட முடியவில்லை.

இத்தாலியில் கோர்ட்டில் வழக்கு நடந்தது. 1981-ம் ஆண்டு பட்ரேசே குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு ஆயிற்று.

நண்பரின் சாவு ஹண்டின் மனதை உடைத்தது. ஓட்டும் ஆசை குறைந்தது. 1979-ம் ஆண்டு, மொனாக்கோ போட்டிக்குப் பிறகு, பந்தயத்துக்கு முழுக்குப் போட்டார். அப்போது அவருக்கு வயது 31. மொத்தம் 92 போட்டிகள். 10 வெற்றிகள்.

ஒரே மைக், இரண்டு பேர்

1980-ம் ஆண்டு பி.பி.சி. டெலிவிஷன் அவரை அழைத்தது. மர்ரே வாக்கர் என்பவர் அங்கே பந்தய வருணனையாளர். ஹண்டைவிட 20 வயதுக்கு மேல் மூத்தவர். தொழிலைத் தெய்வமாக நினைப்பவர். ஹண்டோ காலில் கட்டுடன் வந்தார். அந்தக் காலை வாக்கர் மடிமீது வைத்தார். வருணனை முடிவதற்குள் 2 பாட்டில் ஒயின் குடித்தார்! வாக்கருக்கு எப்படி இருந்திருக்கும்?

இருவருக்கும் சேர்த்து ஒரே மைக்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவேண்டும். வாக்கர் நின்றுகொண்டு உற்சாகமாகக் கத்துவார். ஹண்ட் உட்கார்ந்து நிதானமான குரலில் பேசுவார். கார் ஏன் வழுக்கியது, ஓட்டியவர் என்ன தப்புச் செய்தார் என்று விளக்குவார். ஓட்டியவருக்குத்தானே அந்த நுட்பம் தெரியும்? ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நாளடைவில் வாக்கரும் ஹண்டும் நண்பர்கள் ஆனார்கள்.

ஹண்ட் யாருக்கும் முகத்தாட்சணை பார்க்கமாட்டார். மெதுவாகப் போய் மற்றவர்களுக்கு வழி விடாத வீரர்களை, பெயர் பெற்றவர்களாக இருந்தாலும், போட்டு உடைப்பார். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசு கறுப்பு மக்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அந்த நாட்டுப் போட்டியை வருணித்தபோது, அந்தக் கொடுமையை டெலிவிஷனிலேயே கண்டித்துப் பேசினார்.

தீராத கோபம்

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நாக்கு நீதி தவறியது.

பட்ரேசே கண்ணில் பட்டால் போதும், ஹண்டின் குரல் மாறிவிடும். கோர்ட்டு விடுவித்த பிறகும் மோன்சா சாவுக்கு அவரைக் குறை சொல்லுவார். போட்டியில் அவர் செய்யும் சிறு தவறையும் பெரிதாகப் பேசுவார். கேட்பவர்களோ லட்சக்கணக்கானவர்கள். பட்ரேசே காரை ஓட்டிக்கொண்டிருப்பார். பதில் சொல்ல அவரிடம் மைக் இல்லை.

1970-ம் ஆண்டு விசாரணையை நினைத்துப் பாருங்கள். ஊரே குற்றம் சொன்னபோது ஹண்டைக் காப்பாற்றியது ஒரு தீர்ப்பு. பட்ரேசேயை விடுவித்ததும் ஒரு தீர்ப்புத்தான். தனக்குக் கிடைத்ததை ஹண்ட் அவருக்குக் கொடுக்கவில்லை. நண்பனை இழந்த துக்கத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார் போலும். மேலும், பீட்டர்சன் கார்மீது மோதியது ஹண்டின் கார். அந்தப் பாரத்தை மனம் எப்படித் தாங்கும்?

பட்ரேசே வாய்ச் சண்டைக்குப் போகவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார். 1993-ம் ஆண்டு ஓய்வு பெற்றபோது 256 போட்டிகள் ஓட்டியிருந்தார். 2008-ம் ஆண்டு வரை அதை யாரும் மிஞ்சவில்லை. அவ்வளவு காலம் ஓட்டியதே அவர் சொன்ன பதில்.

லவ் பேர்ட்ஸ் வளர்த்தவர்

வெற்றி வந்த நாளில் ஹண்டைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. மதுவும் இருந்தது. ஓட்டுவதை விட்டதும் மதுதான் மிஞ்சியது. இரண்டு தடவை கல்யாணம் ஆயிற்று. இரண்டும் விவாகரத்தில் முடிந்தன. 2 மகன்கள். சம்பாதித்த பணத்தில் பெரும் பகுதி நஷ்டத்தில் போயிற்று. மனச்சோர்வு பிடித்து ஆட்டியது.

40 வயதுக்குப் பிறகு அவர் மாறினார். குடியை விட்டார். சிகரெட்டை விட்டார். மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவர், லண்டன் தெருவில் சைக்கிளில் போனார். பழைய ஆஸ்டின் வேன் ஒன்றை வைத்திருந்தார். நம் வீடுகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சிறு கிளிகளை வளர்த்தார். கண்காட்சிகளில் அவற்றுக்குப் பரிசும் வாங்கினார். மகன்களோடு பொழுதைக் கழித்தார்.

1993-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி கனடா நாட்டுப் போட்டியை வாக்கரோடு சேர்ந்து வருணித்தார். வழக்கம்போல நன்றாகப் பேசினார். அடுத்து, தான் நேசித்த பெண்ணிடம் டெலிபோனில் கல்யாணப் பேச்சை எடுத்தார். அந்தப் பெண்ணும் சம்மதித்தார்.

ஜூன் 15-ந் தேதி அதிகாலை. லண்டன் விம்பிள்டன் பகுதியில் உள்ள வீட்டில் ஹண்டுக்கு மாரடைப்பு வந்தது. உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 45.

தான் இறந்தபின் நண்பர்கள் கூடி விருந்து சாப்பிடவேண்டும் என்று உயிலில் 5 ஆயிரம் பவுன் ஒதுக்கி வைத்திருந்தார். அப்படியே விருந்து நடந்தது.

ஹண்ட் - லவுடா போட்டியை வைத்து 2013-ம் ஆண்டு "ரஷ்" என்ற ஆங்கிலப் படம் வந்தது. லவுடா 2019-ம் ஆண்டிலும், மர்ரே வாக்கர் 2021-ம் ஆண்டிலும் காலமானார்கள்.

பயத்தை வென்றார் ஹண்ட். பட்டத்தை வென்றார். கடைசியில் குடியையும் வென்றார். அவர் வெல்லாமல் விட்டது ஒன்றுதான்: பட்ரேசே மீது கொண்ட கோபம். மோதிய காரைப் பட்டறையில் கொடுத்துச் சரி செய்யலாம். மைக்கில் சொன்ன சொல்லைச் சரி செய்ய, சொன்னவர் ஒருவரால்தான் முடியும். அதற்கு ஹண்டுக்கு 15 ஆண்டுகள் இருந்தன. அவை போதவில்லை.